கூடையின் அடி அடுக்கு

கோயில் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போதே ஒப்துலியாவுக்கு மூச்சு வாங்கியது. கூடை பாதிக் கனம் என்றால் நபோர் மேலிருந்த கோபம் மீதிக் கனம். நூறு பேருக்கு ஆளுக்கு மூன்று மடித்த சோள ரொட்டி வீதம் முந்நூறு டாக்கோ போதும் என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனுஷன் வழக்கம்போல அதற்கு மேலே போட்டிருக்கிறான் என்பது தோள்பட்டை வலியிலேயே தெரிந்தது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன அளவு எதுவும் அவன் காதுக்குள் முழுசாகப் போனதில்லை. உப்பானாலும் அப்படித்தான், பேச்சானாலும் அப்படித்தான்.

இன்றைக்கு மட்டும் எதுவும் தவறக் கூடாது. இன்று தவறினால் அவள் ஆயுசுக்கும் இந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இஸ்தபலாபாவின் அந்தத் தெருவில் ஒவ்வொரு டாக்கோவுக்கும் ஒரு நேரம், ஓர் இடம் இருந்தது. மத்தியானம் மருந்துக்கடை வாசலில் அக்கா தங்கை இருவர் மண்சட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு விதவிதமான குழம்பை ரொட்டியில் அள்ளிக் கொடுப்பார்கள். சாயங்காலம் ஆகிவிட்டால் மூலைக்கடையில், கம்பியில் குத்தி அடுக்கிய பன்றி இறைச்சி நெருப்பின் முன்னால் சுற்ற ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடச் சுவரோரம் மாட்டு நெஞ்சுக்கறியை எண்ணெயில் வாட்டுகிறவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை, குழியில் வெந்த ஆட்டுக்கறிக்கும் கொப்பரையில் பொரிந்த பன்றிக்கும் சந்தை முகப்பு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இவர்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறால், மீன், கள்ளி மடல் என்று எதையோ வைத்து ஒப்பேற்றினாலும், இடம் அவரவருடையதுதான். பக்கத்தில் இன்னொருவன் வந்து நின்றால் கரண்டியாலேயே துரத்துவார்கள்.

கூடை டாக்கோவுக்கு மட்டும் இடம் கிடையாது. கூடை என்றால் சைக்கிளில் போய்க்கொண்டே இருப்பது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மருந்துக்கடை வாசலில் நின்றால் அக்காள் முறைப்பாள், மூலையில் நின்றால் கம்பிக்காரன் கத்தியைத் தீட்டுவான், சந்தை முகப்பில் நின்றால் நடைபாதைக் கடைகளைப் பறிமுதல் செய்கிற நகராட்சி லாரி வரும். இரண்டு தடவை அந்த லாரி கூடையைச் சைக்கிளோடு தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. உள்ளே சூடாக இருந்த டாக்கோவை எந்தப் புண்ணியவான்கள் தின்றார்களோ. பதினோரு வருஷமாக ஒப்துலியா நகர்ந்துகொண்டே இருக்கிறாள். முட்டி இரண்டும் இப்போதே அறுபது வயசு முட்டி போலப் பேசுகின்றன. அவளுக்கு நாற்பத்து மூன்றுதான்.

கோயில் முற்றத்தில், மேற்குச் சுவரோரம், ஜகராந்தா மரத்தடியில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அங்கே நிழல் உண்டு, குழாய் உண்டு, லாரி உள்ளே வராது. பங்குப் பேரவைத் தலைவி, ஊரே மரியாதையாகத் தோஞா என்று கூப்பிடுகிற எதுவீகேஸ், இரண்டு பேரைத்தான் பரிசீலித்தாள். ஒருத்தி மீன் சோமாசி விற்கும் பிரிஸ்கா. அவள் போன வெள்ளி சிலுவைப் பாதை முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்தாயிற்று. இந்த வெள்ளி, தவக்காலத்தின் ஐந்தாவது வெள்ளி, ஒப்துலியாவின் முறை. யார் சாப்பாடு ஜனங்களுக்குப் பிடிக்கிறதோ அவளுக்கு ஈஸ்டரிலிருந்து இடம். ஒரே ஒரு நிபந்தனை. சுத்தபோசன நாள், இறைச்சி கூடாது.

இதை நபோரிடம் சொன்ன அன்றே சண்டை பிடித்துக்கொண்டது.

நபோர் த்லஸ்காலா பக்கத்துக்காரன். அவன் ஊரில் பிறந்த குழந்தை தொட்டிலுக்கு முன்னால் கூடையைத்தான் பார்க்கும் என்று பீற்றிக்கொள்வான். கூடை அடுக்குவதில் மட்டும் அவனை மிஞ்ச ஆளில்லை, அதை அவளும் ஒத்துக்கொள்வாள். நீல பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் துணி, துணி மேல் காகிதம். அடியில் சிச்சரோன் டாக்கோ: பன்றித் தோலையும் அதோடு ஒட்டிய சதையையும் பொரித்து, கட்டியாக அழுத்தி, சிவப்பு மிளகாயில் வேகவைத்து மடித்தது. அதற்கு மேல் பீன்ஸ், அதற்கு மேல் உருளைக்கிழங்கு. வெங்காயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றி, இறுக்கி மூடி, மூன்று மணி நேரம் வியர்க்க விடவேண்டும். அடியிலிருந்து எழும் கொழுப்பு ஆவி ஒவ்வொரு ரொட்டியிலும் ஏறும்.

"கோயிலுக்கு உருளையும் பீன்ஸும் மட்டுந்தான், கிழவா," என்றாள் ஒப்துலியா வியாழக்கிழமை.

"சிச்சரோன் இல்லாத கூடை வேர்க்காது, கிழவி. வேர்க்காதத எவன் திம்பான்? ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். ஒருசந்தி இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு போதும்."

"எங்க ஊர்ல தவக்காலத்துலகூட..."

"உங்க ஊர்க்காரங்களா எனக்கு எடம் குடுக்கப்போறாங்க?"

"ருசியில்லன்னா எடம் எப்பிடிக் குடுப்பாங்க? நீயே சொல்லு. ருசிக்குத்தான எடம்?"

"நபோர். இறைச்சி கூடாது. அவ்வளவுதான். வேற பேச்சே வேணாம்."

அவன் தாடையைச் சொறிந்தான். "சரி, கிழவி. நீ சொல்றதுதான்," என்றான்.

அவ்வளவு சீக்கிரம் அவன் சரி என்று சொல்லிச் சரித்திரமே கிடையாது. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். இடம் கிடைக்கப்போகிற நினைப்பில் விட்டுவிட்டாள்.

முற்றத்தில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியபோது கோயில்பிள்ளை ஃபிதென்சியோ துடைப்பத்தோடு வந்தான். விழுந்து கிடந்த ஊதாப் பூக்களைக் கூட்டுவதாகப் பேர், நாக்குத்தான் ஓயாமல் கூட்டிக்கொண்டிருக்கும்.

"வாங்க ஒப்துலியா. போன வாரம் பிரிஸ்காவோட மீன் முள்ளு எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது. நீங்கதான் வந்து எறக்கணும்."

"மொதல்ல தோஞா வாயில நல்லபடியா எறங்கட்டும்."

"அங்கதான் கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க." அவன் குரலைத் தணித்தான். "சாம்பல் புதன்லேர்ந்து அவங்க வெள்ளிக்கிழம மட்டுமில்ல, ஒரு நாள்கூட இறைச்சி தொடல. திங்கக்கெழம தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன். அதுக்கு நேர்ச்ச. முப்பத்தோராவது நாள் இன்னிக்கு. பசியில ஃபாதரையே ரெண்டு தடவ கடிச்சுட்டாங்க."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் எதுவீகேஸே வந்துவிட்டாள். அறுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, கழுத்தில் பேரவையின் ஊதா ரிப்பன். கூடையைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். குனிந்து மோந்து பார்க்கவில்லை, ஆனால் மூக்கு கொஞ்சம் விரிந்தது.

"மொதல்ல ஜனங்களுக்குக் குடு. பேரவைக்காரங்க எட்டுப் பேரு, நாங்க கடைசியிலதான் சாப்பிடுவோம். அதான் மொறை. எங்களுக்குக் கொஞ்சம் நிக்கட்டும்."

"நெறையவே இருக்கு, தோஞா," என்றாள் ஒப்துலியா. கனத்தை நினைத்து முதல்முறையாக அவளுக்கு நபோர் மேல் கொஞ்சம் நன்றிகூட வந்தது.

பதினொன்றரைக்குச் சிலுவைப் பாதை முடிந்து கூட்டம் முற்றத்துக்குள் இறங்கியது. ஃபாதர் கூடையை மந்திரித்து, இரண்டு உருளையை வாங்கிக்கொண்டு அடுத்த சிற்றாலயத்துக்கு ஓடினார். அதற்கப்புறம் ஒப்துலியாவின் கைக்கு ஓய்வில்லை. துணிக்கு அடியில் கையை விடுவாள், பார்க்காமலே எடுப்பாள், காகிதத்தில் வைத்து நீட்டுவாள். வலப்பக்கம் உருளை, இடப்பக்கம் பீன்ஸ். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், எண்ணெயில் ஊறிச் சுருங்கிய அதே அரைவட்டம், அதே மஞ்சள். உள்ளே என்ன இருக்கிறது என்பது விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று தின்றவர்கள் நாலாவதுக்கு வந்தார்கள். வெயிலில் சிலுவை சுமந்து வந்த தச்சர் ஐந்து தின்றுவிட்டு, காகிதத்தை மடித்து அதிலிருந்த எண்ணெயையும் ஒரு துண்டு ரொட்டியால் துடைத்துத் தின்றார்.

"உருளக்கெழங்குல இப்பிடி ஒரு ருசிய நான் பாத்ததே இல்ல," என்றாள் ஒரு பெண்.

"அக்கா, என் வீட்டுல நான் பண்ற பீன்ஸ் இதுக்குப் பக்கத்துலகூட நிக்காது," என்றாள் இன்னொருத்தி. "என்ன போடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. அடுக்குற கைதான்," என்றாள் ஒப்துலியா. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷத்தில் யாரும் அவளை நகரச் சொல்லாத முதல் மத்தியானம் அது. மரத்து நிழல் கழுத்தில் விழுந்தது. தண்ணீர் வேண்டுமானால் ஆறடியில் குழாய். இங்கே ஒரு முக்காலி போட்டுக்கொள்ளலாம், சுவரில் ஓர் ஆணி அடித்துத் துணியை மாட்டிக்கொள்ளலாம் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. உருளைக்கிழங்குக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி நடுவில் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. அதை அவளே அமுக்கிவிட்டாள்.

கூட்டம் குறைந்து, கை கூடையின் அடியைத் தொட்டபோது விரல் நின்றது.

மடிப்பு தடிமனாக இருந்தது. அழுத்தினால் உருளை போல மசியவில்லை, பீன்ஸ் போல வழுக்கவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தாள். ரொட்டியின் விளிம்பில் சிவப்பு எண்ணெய். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, மடிப்பை நகத்தால் லேசாகப் பிரித்தாள். சிச்சரோன்.

இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அதுதான். கையை நீட்டி மூலைக்கு மூலை தடவினாள். வலப்பக்கம், இடப்பக்கம், நடு, அடி முழுக்க சிச்சரோன். நேர்த்தியாக, இடைவெளி விடாமல், அவன் ஊர் முறைப்படி அடுக்கியிருந்தான் பாவி.

சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து நபோரைக் கூப்பிட்டாள். அவன் பஸ் நிலையத்துக்கு வெளியே தன் வியாபாரத்துக்கான இன்னொரு கூடையோடு நின்றிருந்தான்.

"அடியில என்னத்த வெச்ச?"

"எந்த அடியில?"

"கோயில் கூடையில."

"ஓ, அதா? அம்பதுதான் வெச்சேன்."

"அம்பதா?"

"அது கூடைக்கு, கிழவி. திங்கறதுக்கு இல்ல. அடியில அது இருந்தாத்தான் மேல வேர்க்கும். நீ முந்நூறு கேட்ட, மேல முந்நூறு சுத்தமா உருளையும் பீன்ஸும் இருக்கு. அடியில இருக்கறத அப்பிடியே திருப்பிக் கொண்டாந்துடு, சாயங்காலம் நாம வெச்சுக்கலாம்... இல்ல இல்ல, இன்னிக்கு வெள்ளி. நாளைக்கி."

"முந்நூறும் தீந்துபோச்சு."

"நூறு பேரு முந்நூறத் தின்னுட்டாங்களா? ஒருசந்தி நாள்லயா?" அவன் குரலில் பூரிப்பு வழிந்தது. "பாத்தியா?"

"இன்னும் பேரவைக்காரங்க எட்டுப் பேரு சாப்பிடல. தோஞா சாப்பிடல. நான் அவங்களுக்கு என்னத்தக் குடுப்பேன்? எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"சொன்னா வேணாம்பே."

"வேணாம்னுதான சொன்னேன்."

"அதான் சொல்லல."

போனைச் சுவரில் எறிந்து உடைக்கலாம் போலிருந்தது. உடைத்தால் அதுவும் அவள் போன்தான். இந்த மனுஷனிடம் பேசுவதற்குச் சைக்கிள் டயரிடம் பேசலாம், குத்தினால் அதற்காவது காற்று இறங்கும்.

அதற்குள் இன்னொரு பயம் பிடித்தது. அடியிலிருந்து ஏறிய கொழுப்புத்தானே மேலே இருந்த அத்தனையிலும்? ஊர் முழுக்கச் சுத்தபோசனத்தை முறித்துவிட்டதா? துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்த ஃபிதென்சியோவை நிறுத்தினாள்.

"ஒரு சந்தேகம். பீன்ஸ பன்னிக் கொழுப்புல தாளிச்சா, தவக்காலத்துல சாப்பிடலாமா?"

"தாராளமா. கொழுப்புக்குத் தடையில்ல, இறைச்சிக்குத்தான். ஃபாதரே பிரசங்கத்துல சொல்லியிருக்காரு. இல்லேன்னா இந்த ஊர்ல பாதிப் பேரு பட்டினிதான்." அவன் கண்ணைச் சுருக்கினான். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன்."

மேலே இருந்ததில் பாவமில்லை. அது வரைக்கும் மூச்சு வந்தது. ஆனால் அடியில் இருப்பது இறைச்சி, அதற்கு வரிசையில் நிற்பது ஊரிலேயே கடுமையாக ஒருசந்தி இருக்கிற எட்டுப் பேர். நாற்காலிகளை அடுக்கி, கோப்பைகளைக் கழுவி, ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒப்துலியா கூடைத் துணியை இழுத்து மூடி, கயிற்றைப் போட்டாள். தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். இடம் போகும். கெஞ்சிக் கூத்தாடி அடுத்த வெள்ளி இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம். உண்மையைச் சொல்லலாம் என்றால், புருஷனுக்குத் தெரிந்தது பெண்டாட்டிக்குத் தெரியாதா என்றுதான் எவரும் கேட்பார்கள். எப்படிப் பார்த்தாலும் முட்டாள் ஆகப்போவது அவள்தான், பஸ் நிலையத்தில் நிற்கிறவன் இல்லை. இப்படியே புழுங்கிக்கொண்டு நின்றதில் அரை மணி நேரம் ஓடியது.

"நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றபடி எதுவீகேஸ் வந்து நின்றாள். பின்னால் ஏழு பேர். "தச்சன் அஞ்சு தின்னானாம். சரி, இனி எங்களுக்கு."

"தோஞா, தீந்துபோச்சு. மன்னிச்சுக்கங்க. ஜனங்க நான் நெனச்சதவிட ஜாஸ்தி..."

"தீந்துபோச்சா?" எதுவீகேஸ் கூடையைப் பார்த்தாள். சைக்கிள் இன்னும் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. துணி நடுவில் மேடு தட்டியிருந்தது.

"நெறைய இருக்குன்னு காலையில சொன்னியே. இப்பவும் இருக்கே."

"இருக்கு தோஞா, ஆனா அது வந்து..."

"யாருக்கு வெச்சிருக்க? வெளிய போயி விக்கவா?"

"ஐயோ இல்ல, சொல்றதக் கேளுங்க, அந்த அடியில..."

"பிரிஸ்கா போன வாரம் எங்க எட்டுப் பேரையும் கவனிச்சுட்டுத்தான் தான் ஒரு வாய் தின்னா. முள்ளு இருந்துச்சு, ஒத்துக்கறேன். மனசுல முள்ளு இல்ல."

"தோஞா, ஒரு நிமிஷம் என்ன..."

வீட்டில் ஒருவன் அவளைப் பேச விடுவதில்லை. இங்கே இவள் விடவில்லை. சொல்ல வேண்டிய ஒற்றைச் சொல்லுக்கு ஒருவரும் வழி விட மாட்டேன் என்கிறார்களே என்று அவள் ஆத்திரப்பட்டு நின்ற அந்த நொடியில், எதுவீகேஸ் கயிற்றை விலக்கிக் கையை விட்டு, ஒரு டாக்கோவை எடுத்துக் கடித்தாள்.

ஒப்துலியாவின் கை பாதி தூரம் நீண்டு அப்படியே நின்றது.

எதுவீகேஸின் கண் முதலில் செருகியது. முப்பது நாள் பசி அந்த முகத்திலிருந்து இறங்கிப் போவதை ஒப்துலியா நேருக்கு நேர் பார்த்தாள். தாடை இரண்டு முறை அசைந்தது, மூன்றாவது முறை நின்றது. கண் திறந்தது. கையிலிருந்த பாதியைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது. பின்னால் ஏழு பேர் தலைவி என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். எதுவீகேஸ் மெல்ல மென்றாள். நிறைய நேரம் மென்றாள். அப்புறம் விழுங்கினாள்.

"நம்ம வீட்டுக்குப் போங்க," என்றாள் திரும்பாமலே. "காப்பியும் ரொட்டியும் இருக்கு. இங்க தீந்துபோச்சு. நான் பின்னாலயே வர்றேன்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வாசல் தாண்டிய பிறகு எதுவீகேஸ் கேட்டாள்.

"மேல இருந்ததெல்லாம்?"

"உருளையும் பீன்ஸும், தோஞா. மாதா மேல சத்தியமா. அடியில மட்டும் என் புருஷன் எனக்குத் தெரியாம..."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அரை மணி நேரம் ஆச்சு. நான் சொல்லத்தான் வந்தேன். நீங்க விடல."

"ஆமா," என்றாள் எதுவீகேஸ். "விடல."

திட்டுவாள் என்று ஒப்துலியா எதிர்பார்த்தாள். திட்டினால் பதிலுக்கு அழலாம், நபோரை நாலு வார்த்தை சொல்லலாம், காலில்கூட விழலாம். அந்த அம்மாள் திட்டவில்லை. கையிலிருந்த பாதி டாக்கோவை என்ன செய்வது என்று தெரியாமல் காகிதத்தில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"திங்கக்கெழம என் தங்கச்சிக்குக் கண்ணு."

"தெரியும், தோஞா."

"நான் துப்பியிருக்கலாம். நாக்குல பட்ட ஒடனே தெரிஞ்சுபோச்சு. அந்த ஏழு பேரு இருந்தாங்கன்னு துப்பாம இருக்கல. எனக்குத் துப்ப மனசு வரல, ஒப்துலியா. வாய் விடமாட்டேன்னுச்சு."

ஒப்துலியா விலகிக் கிடந்த கூடைத் துணியை இழுத்து மூடினாள்.

"ஒம்மேல தப்பு இல்ல. ஒம்புருஷன் மேலகூட அவ்வளவு தப்பு இல்ல. நேர்ச்ச என்னோடது, முறிச்சது நான். ஆனா அந்த எடம் ஒனக்கு இல்ல. தெனமும் காலையில கோயில் கதவத் தொறக்க நான்தான் வருவேன். நீ இந்த மரத்தடியில இருப்பே. கண்ணு நல்லபடியா வந்தாலும் ஒன்னப் பாத்தா எனக்கு இதுதான் ஞாபகம் வரும். வரலேன்னாலும் இதுதான்." அவள் காகிதச் சுருளை ஒப்துலியாவின் கையில் வைத்தாள். "பிரிஸ்காவுக்குக் குடுக்கறேன். அவ மீனு எனக்குப் பிடிக்காது. அதனால தொந்தரவில்ல."

"தோஞா, அடுத்த வெள்ளி நானே அடுக்கறேன். என் கையால. வெறும் உருளை. ருசியே இருக்காது, சத்தியமா."

கேட்கும்போதே தான் என்ன கேட்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எதுவீகேஸ் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ரிப்பனைச் சரிசெய்துகொண்டு, வெயிலில் நடந்து போனாள்.

இறக்கத்தில் சைக்கிள் தானாகவே ஓடப் பார்த்தது. பிடித்து இழுத்துக்கொண்டே வந்து, பூட்டியிருந்த மூலைக்கடை ஓரமாக நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். இங்கேயும் உட்காரக் கூடாதுதான். கம்பிக்காரன் வர இன்னும் நேரம் இருந்தது. போன் அடித்தது.

"எப்பிடிப் போச்சு? பேரவைக்காரங்க சாப்பிட்டாங்களா?"

"தோஞா மட்டும் சாப்பிட்டாங்க."

"எத?"

"அடியில இருந்தத."

"ஐயையோ. என்ன சொன்னாங்க?"

"துப்ப மனசு வரலன்னாங்க."

நபோர் சிரித்தே விட்டான். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு, கள்ளமில்லாத சிரிப்பு, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "பாத்தியா, கிழவி? நான் என்ன சொன்னேன்? எடம் நமக்குத்தான?"

"எடம் பிரிஸ்காவுக்கு."

"ஏன்? அவ மீனு ஒரே முள்ளுல்ல?"

அவனுக்கு எங்கிருந்து ஆரம்பித்து எப்படிச் சொல்வது? சொன்னால் புரியும் ஆளாக இருந்தால் வியாழக்கிழமையே புரிந்திருக்கும். ருசி போதாமல் போயிருந்தால்கூட ஒரு சண்டை போடலாம். போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வயிற்றுக்குள் போகவில்லை. கூடைக்குள் கிட்டத்தட்ட ஐம்பது இருந்தன. தவக்கால வெள்ளியில் இந்தத் தெருவில் அதை ஒருவர் வாங்க மாட்டார், நாளைக்குள் ரொட்டி ஊறிப் பிய்ந்துவிடும். வீட்டுக்குப் போனதும் நபோர் முகத்தில் வீசியெறிய அவளுக்கு ஒரு குறை வேண்டும். ஒன்றே ஒன்று போதும். உப்பு ஜாஸ்தி, தோல் வேகவில்லை, எண்ணெய் மக்கல், எதுவானாலும் சரி. அதைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் திட்டலாம். வெள்ளிக்கிழமையாவது ஒன்றாவது என்று துணியை விலக்கி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

உப்பு சரியாக இருந்தது. மிளகாய் சரியாக இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேலாக வியர்த்தும் ரொட்டி பிய்யவில்லை. சதை பல்லுக்குச் சிரமம் தராமல் கரைந்தது. இரண்டாவதைத் தின்றாள். மூன்றாவதைப் பிரித்துப் பார்த்து, விரலால் கிளறி, நிதானமாகத் தின்றாள். ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, வாய் மட்டும் அதன் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது. நாலாவதும் முடிந்தது. அவனைச் சொல்ல ஒரு குறைகூட அகப்படவில்லை.

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவதை எடுத்தாள்.